புன்னகைக்கு முன் நின்றவள்

ஏழு ஆறுகளும் வற்றிப்போன பிறகும் ஏழாற்று நாடு என்றே அழைக்கப்பட்டுவந்த தேசம் ஒன்று உண்டு. அதை ஆண்டவர் இன்முகவேந்தர். மக்கள் வாக்களித்துத்தான் அவர் மன்னரானார். ஊர்தோறும் இரண்டு பானைகளை வைத்து, வேண்டியவர் பானையில் கூழாங்கல்லைப் போடச் சொல்வது அந்நாட்டின் பழைய தேர்தல் முறை. இரண்டு பானைகளைப் பார்த்து மக்கள் குழம்புவதாக அமைச்சர்கள் எடுத்துரைத்ததால், தமது இரண்டாவது தேர்தலில் மன்னர் ஒரு பானையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு குழப்பமே இல்லை.

இன்முகவேந்தரின் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். பஞ்ச காலத்தில் காலியான தானியக் கிடங்குகளைப் பார்வையிட்டபோதும் அது இருந்தது. எல்லைச் சண்டையில் இறந்தவர்களுக்கு மலர்வளையம் வைத்தபோதும் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பேணுவதற்கென்றே புன்னகைத் துறை என்று ஓர் அமைச்சகம் இருந்தது.

தலைநகரின் நாற்சந்திகளில் அந்தக் காலத்தில் சிவப்பு, பச்சை விளக்குகள் எரிந்தன. வெறும் விளக்குக்குக் கீழ்ப்படியும் மக்கள் தமக்குக் கீழ்ப்படியத் தயங்குவது ஏன் என்று மன்னர் ஒருநாள் அவையில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் சில நாட்களிலேயே விளக்குகள் கழற்றப்பட்டு, ஒவ்வொரு சந்தியிலும் ஓர் இருபக்கப் பலகை நிறுத்தப்பட்டது. பொறி ஒன்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தில் மன்னரின் சிரித்த முகம். அது தெரிந்தால் போகலாம். மறுபக்கத்தில் கண்டிப்பான முகம். அது தெரிந்தால் நிற்கவேண்டும். மக்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

பழகாதவர் புன்னகைத் துறை அமைச்சர் ஒருவர்தான். "நம் மன்னர் மக்களிடம் என்றைக்குக் கடுமை காட்டினார்? இது சித்திரமல்ல, அவதூறு!" என்று அவையில் முழங்கினார். கண்டிப்பான முகங்கள் எல்லாம் இறக்கப்பட்டன. அவற்றை வரைந்த ஓவியரையும் அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவருடைய இடத்துக்கு வந்த புதிய ஓவியரிடம், நிற்க வேண்டிய பக்கத்துக்குச் சற்றே குறைந்த புன்னகையை வரையச் சொன்னார்கள். முன்னவருக்கு நேர்ந்ததை அறிந்த அந்த மனிதர், மன்னரின் புன்னகையில் ஒரு நூலளவுகூடக் குறைக்கத் துணியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே முகம் வந்து சேர்ந்தது. அரசாணையில் மட்டும் ஒன்றுக்கு முழுநகை என்றும் மற்றதற்கு இளநகை என்றும் பெயர்.

வண்டிகள் மோதத் தொடங்கின. மோதல்கள் பெருகியதும், விபத்து என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது, இனி அதற்கு எதிர்பாராச் சந்திப்பு என்றே பெயர் என்று ஆணை வந்தது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு குற்றவாளி இருந்தே தீரவேண்டும் என்பது அடுத்த ஆணை. இரண்டு வண்டிகளில் ஒன்று ஓடிக்கொண்டும் மற்றது நின்றுகொண்டும் இருந்திருந்தால், நின்றவரே குற்றவாளி. ஏனென்றால் ஓடியவர் மன்னரின் புன்னகையை நம்பினார், நின்றவர் சந்தேகப்பட்டார். தண்டனை, கரட்டுமேட்டுக் கல்குவாரியில் ஓராண்டு.

வழக்கறிஞர்கள் சிலர் இதை எதிர்த்து வாதாடிப் பார்த்தார்கள். அதனால் வழக்குகள் நீண்டன. வழக்கறிஞர்களால்தான் ஏழை மக்களுக்கு நீதி தாமதமாகிறது என்று மன்னர் வருந்தினார். வீதி மன்றத்துக்குள் அவர்கள் நுழையத் தடை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக இனி வீட்டு உறவு ஒருவர் பேசலாம்; அரசு ஊழியர் பேசக் கூடாது; பேசியவர் தோற்றால், தண்டனையில் பாதியை அவரும் அனுபவிக்கவேண்டும். பொறுப்பில்லாத பேச்சைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று முரசறைந்து சொன்னார்கள். அதன் பிறகு வீதி மன்றத்தில் யாருக்காகவும் யாரும் பேசவில்லை. செவ்வந்தி வரும்வரை.

செவ்வந்தி மாவரைத்து விற்கும் வீட்டுக்கு மருமகளாய் வந்தவள். மாமியார் அஞ்சுகம். செவ்வந்தி விடியலில் அரைத்து வைக்கும் தோசை மாவை, அஞ்சுகம் மொபெட்டில் தூக்குகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றுவருவாள். தொழில் ஒன்றாகச் செய்தாலும் இருவருக்கும் பேச்சு குறைவு. மாவில் உப்பு அதிகம் என்பாள் மாமியார். வாங்குகிறவர்கள் யாரும் சொல்லவில்லையே என்பாள் மருமகள். அதையும் நேராகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு", "உங்க அம்மாகிட்ட சொல்லுங்க" என்று எல்லாம் நல்லதம்பியின் வழியாகத்தான் போகும், வரும். நல்லதம்பி அரண்மனையின் வாழ்த்துத் துறையில் எழுத்தர்.

ஒருநாள் அஞ்சுகம் மணிக்கூண்டுச் சந்தியில் மொபெட்டை நிறுத்தினாள். பின்னால் வந்த புன்னகைத் துறை அமைச்சரின் கார் அவளை இடித்துத் தள்ளியது. தூக்குகள் உருண்டன. மாவு அமைச்சரின் கார் முகப்பெல்லாம் தெறித்தது. கீழே விழுந்ததில் அஞ்சுகத்தின் வலது மணிக்கட்டு முறிந்தது. சந்தியில் நின்ற காவலர் மாசிலாமணி ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார். தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து மணிக்கட்டில் கட்டினார். அதன் பிறகு, அமைச்சர் காரிலிருந்து இறங்கிச் சொன்னபடி, அவள் மேல் வழக்கும் பதிந்தார்.

வழக்கு அறிவிப்பு வந்த அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நல்லதம்பி தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான்.

"நான் பேச முடியாதும்மா. பேசினா வேலை போயிடும். அது போனாலும் பரவாயில்ல, பேசவே விட மாட்டாங்க."

"உன்னை யாருடா பேசச் சொன்னா? ஒரு வருசம்தானே, போயிட்டு வரேன்" என்றாள் அஞ்சுகம்.

செவ்வந்திக்கு அந்த ஒரு வருசம் என்னவென்று தெரியும். அவளுடைய அண்ணன் கரட்டுமேட்டுக்குப் போய்வந்தவன். போகும்போது நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கியவன், திரும்பி வந்த பிறகு நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவான். முறிந்த கையோடு ஒரு கிழவி அங்கே எத்தனை மாதம் தாங்குவாள்?

"உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, நான் பேசறேன்னு" என்றாள்.

அஞ்சுகம் முதல்முறையாக மருமகளை நேராகப் பார்த்துப் பேசினாள். "பைத்தியமாடி உனக்கு? தோத்தா நீயும்ல வரணும்?"

"தோக்க மாட்டேன்."

"அவ்வளவு நிச்சயமா?"

"இல்ல அத்தை. ஆனா நடந்தது என்னன்னு எனக்கு நீங்க மறைக்காம சொல்லணும். எதுக்கு நின்னீங்க? படத்துல என்ன தெரிஞ்சுது?"

அஞ்சுகம் சொன்னாள். நல்லதம்பி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"இதை மட்டும் அங்க வாயத் தொறந்து சொல்லிடாதீங்க" என்றாள் செவ்வந்தி. "நான் சொல்லித் தர்றதைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அஞ்சுகம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

வீதி மன்றம் ஒரு பழைய பேருந்துப் பணிமனையில் நடந்தது. தரையில் எண்ணெய்க் கறை. உள்ளே நுழைந்தாலே கிரீஸ் வாடை அடிக்கும். பேருந்துகளை ஏற்றி நிறுத்தும் மேடையில் நடுவர் அறவாழியார் அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர்ப் படத்தில் மன்னர் சிரித்துக்கொண்டிருந்தார். அரசு வாதி பரஞ்சோதியார், வெற்றிலை போட்ட வாயோடு தம் அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். கூட்டம் நிறைய இருந்தது. ஒரு மனுஷி தானாக வந்து தலையைக் கொடுக்கப்போகிறாள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. பின்வரிசையில் நல்லதம்பி, யாருடைய உறவும் இல்லாதவனைப்போல உட்கார்ந்திருந்தான்.

"இப்பெண்மணிக்காகப் பேச முன்வந்தது யார்?" என்றார் நடுவர்.

"நான்தானுங்க ஐயா. மருமக."

"தோற்றால் நேர்வது என்னவென்று அறிவாயா?"

"தெரியும்ங்க."

"மருமகள் மாமியாருக்காக..." என்று நடுவர் நிறுத்தினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "குறித்துக்கொள்ளுங்கள்."

பரஞ்சோதியார் எழுந்தார். "அறத்தின் உறைவிடமே! வழக்கு எளிது. மணிக்கூண்டுச் சந்தியில் மாமன்னரின் முழுநகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'செல்க' என்று ஆணையிடும் அந்தத் திருமுகத்துக்கு எதிரே, இந்தப் பெண்மணி வண்டியை நிறுத்தினார். மன்னர் சிரிக்கிறார், இவருக்கோ சந்தேகம்! அமைச்சர் பெருமானின் வாகனம், மன்னர் மீதிருந்த முழு நம்பிக்கையோடு முன்னேறியது. விளைவாக எதிர்பாராச் சந்திப்பு ஏற்பட்டது. அரசு வாகனத்தின் மீது புளித்த மாவு வீசப்பட்டது."

"புளிக்காத மாவுங்க" என்றாள் அஞ்சுகம்.

செவ்வந்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அஞ்சுகம் வாயை மூடிக்கொண்டாள்.

செவ்வந்தி முன்னால் வந்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பல நாளாக மாவாட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். "ஐயா, எங்க அத்தை சந்தேகப்பட்டு நிக்கல. மன்னரோட முகத்தைப் பாத்ததும் மெய்மறந்து நின்னுட்டாங்க. கோயில்ல சாமியப் பாத்தா நாம நிக்கிறதில்லையா? அப்படித்தான்."

மன்றத்தில் சலசலப்பு எழுந்தது. பக்தியைக் குற்றம் என்று சொல்ல எந்த ஆணையிலும் இடமில்லை. நடுவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பரஞ்சோதியார் மெல்லச் சிரித்தார். "அருமை. அப்படியானால், மாமன்னரின் திருமுகத்தைப் பார்த்ததால்தான் இந்தச் சந்திப்பு நிகழ்ந்தது. அப்படித்தானே? மோதலுக்குக் காரணம் மன்னரின் முகம். மருமகள் சொல்வது அதுதானே?"

சலசலப்பு அப்படியே அடங்கியது. இதற்கு ஆம் என்றால் குவாரி இல்லை, அதைவிட மோசமான இடம். இல்லை என்றால் சொன்னது பொய்யாகிவிடும். செவ்வந்தி எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி நின்றாள்.

"மன்றம் காத்திருக்கிறது" என்றார் நடுவர்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் ஐயா."

"குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறைதான் வாபஸ் பெறலாம். அடுத்த முறை தீர்ப்புதான்."

பரஞ்சோதியார் நிம்மதியாக உட்கார்ந்தார். செவ்வந்தி சுற்றிலும் பார்த்தாள். சாட்சிகளுக்கான பலகையின் நுனியில் காவலர் மாசிலாமணி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சிப் பொருளாகச் சந்தியிலிருந்து கொண்டுவந்த இருபக்கப் பலகை அவருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. நல்ல வழியல்ல. ஆனால் அது ஒன்றுதான் இருந்தது.

"காவலர் ஐயாவைக் கேக்கணும்" என்றாள்.

மாசிலாமணி எழுந்து வந்து நின்றார்.

"அன்னிக்குத் தெரிஞ்சது எந்த முகம்னு பாத்தீங்களா?"

"பார்த்தேன். முழுநகை."

"நிச்சயமா?"

"நிச்சயமாக."

"அந்தப் பலகையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்க ஐயா." சேவகர்கள் இருவர் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். மன்னர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "இப்பத் தெரியறது எது? முழுநகையா, இளநகையா?"

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முழுநகை" என்றார் கடைசியில்.

"திருப்புங்க." திருப்பினார்கள். அதே முகம். "இது?"

"இதுவும்... இல்லை. இதுதான் முழுநகை. முதலில் காட்டியது..."

"முதல்ல காட்டினது என்ன, இளநகையா? அப்ப மன்னர் சிரிப்பு அதுல குறைவா இருக்கா?"

"குறைவென்று நான் சொல்லவில்லை!"

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றீங்களா? அப்ப அரசாணை தப்பா?"

மாசிலாமணி பலகையிலிருந்து கண்ணை எடுத்து நடுவரைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் இருமுவது எல்லோருக்கும் கேட்டது. இருமியவர் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

செவ்வந்தி பரஞ்சோதியாரின் பக்கம் திரும்பினாள். "அவருக்குத் தெரியலைன்னா ஐயா சொல்லலாமே. படிச்சவங்க."

பரஞ்சோதியார் தம் கையிலிருந்த தாள்களில் அவசரமாக எதையோ தேடத் தொடங்கினார். செவ்வந்தி மேடையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் நடுவர் அறவாழியார் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பலகையை மூடுங்கள்! துணி போட்டு மூடுங்கள்!" என்று கத்தினார்.

மூடினார்கள். நடுவர் தண்ணீர் குடித்தார். வெகுநேரம் எழுதினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"சாட்சி நம்பத்தகுந்தவரல்ல. எனவே குற்றம் சாட்டப்பட்ட பெண்மணி விடுவிக்கப்படுகிறார்."

நல்லதம்பி தன்னை மறந்து எழுந்துவிட்டான். செவ்வந்தி மாமியாரின் நல்ல கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஆனால்" என்று நடுவர் தொடர்ந்தார், "ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு குற்றவாளி உண்டு என்பது நாட்டின் சட்டம். நாள்தோறும் மன்னரின் திருமுகத்தின் கீழ் நின்றும் அதை அடையாளம் காணத் தெரியாத காவலர் மாசிலாமணியே அந்தக் குற்றவாளி. ஓராண்டு. கைது செய்க."

சேவகர்கள் அவரைப் பிடித்தார்கள். அவர் திமிறவில்லை. கையிலிருந்த தொப்பியை மேசைமேல் வைத்தார். இவ்வளவு நேரம் செந்தமிழில் பேசியவர், "ஐயா, வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். அவ மாசமா இருக்கா. யாராவது போய்ச் சொன்னாக்கூடப் போதும்" என்றார். நடுவர் அடுத்த வழக்கின் தாளை எடுத்தார்.

அஞ்சுகம் நின்றுவிட்டாள்.

"அத்தை, வாங்க" என்றாள் செவ்வந்தி, உதடு அசையாமல்.

"அவரு அன்னிக்கி..."

"தெரியும். துண்டு கட்டினாரு. நடங்க."

"தெரிஞ்சுதான் கேட்டியா?"

செவ்வந்தி மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். அஞ்சுகம் கையை விடுவித்துக்கொண்டு, மேடைக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"ஐயா! அந்தாள விட்டுடுங்க. அவரு மேல தப்பில்ல. எந்த முகம் தெரிஞ்சுதுன்னு இவ்வளவு நேரம் மண்டைய உடைச்சுக்கிட்டீங்களே, நான் அந்தப் படத்தையே பாக்கல."

பணிமனையில் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"பாக்கலியா?" நடுவருக்கே தம் மொழி மறந்துபோனது. "பின்னே எதைப் பார்த்து நின்றாய்?"

"ரோட்டைப் பாத்தேன். ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ள குறுக்க போச்சு. நடு ரோட்டுல செருப்பு வார் அறுந்து, குனிஞ்சு எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நிக்காம ஏத்தவா சொல்றீங்க? நான் வண்டி ஓட்டற நாள்லேர்ந்து ரோட்டைத்தான் பாக்கறேன். படத்தைப் பாத்து ஓட்டினா நான் எப்பவோ செத்திருப்பேன்."

பரஞ்சோதியார் துள்ளி எழுந்தார். இப்படி ஒரு குற்றம் அவருடைய புத்தகங்களில்கூட இல்லை. மன்னரின் முகத்தைத் தவறாகப் படித்தவர்கள் உண்டு. பார்க்கவே பார்க்காதவர் என்று ஒருவர் இருக்கக்கூடும் என யாரும் நினைத்திருக்கவில்லை.

நடுவர் செவ்வந்தியைப் பார்த்தார். அவருடைய குரலில் இப்போது ஒருவித இரக்கம் இருந்தது. "பெண்ணே, உன் மாமியாருக்கு அதிர்ச்சியில் சித்தம் கலங்கியிருக்கலாம். அப்படி நீ சொன்னால் மன்றம் ஏற்கும். முந்தைய தீர்ப்பு நிற்கும். நீங்கள் இருவரும் வீட்டுக்குப் போகலாம்."

மாசிலாமணி அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார். பின்வரிசையிலிருந்து நல்லதம்பி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்: சொல்லு, சொல்லிவிடு. செவ்வந்திக்கு அண்ணனின் இருமல் காதுக்குள் கேட்டது. ஒரே ஒரு வாக்கியம். அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வீட்டில் எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிக்கொண்டதுதான். இங்கே சொல்வதில் என்ன?

அவள் மாமியாரைப் பார்த்தாள். அஞ்சுகம் கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. கட்டுப் போட்ட கையைத் தாங்கியபடி, நீ எதைச் சொன்னாலும் சரிதான் என்பதுபோல நின்றிருந்தாள்.

"எங்க அத்தைக்குச் சித்தமெல்லாம் தெளிவாத்தான் இருக்குங்க" என்றாள் செவ்வந்தி. "அவங்க சொன்னது நிஜம். எனக்கு முன்னாடியே தெரியும். பயந்துக்கிட்டு நான்தான் மறைச்சேன்."

மாசிலாமணியை விடுவித்தார்கள். அஞ்சுகத்துக்கு ஓராண்டு. செவ்வந்திக்கு அதில் பாதி.

கரட்டுமேட்டில் அவர்களுக்கு ஜல்லி உடைக்கும் வேலை. முறிந்த கையை வைத்துக்கொண்டு அஞ்சுகத்தால் சுத்தியலைத் தூக்க முடியவில்லை. இருவர் பங்கையும் செவ்வந்தியே உடைத்தாள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள்ளவேண்டும் என்பதை அண்ணனிடமிருந்து அறிந்திருந்ததால், தன் முந்தானையைக் கிழித்து இருவருக்கும் கட்டினாள். தன் ஆறு மாதம் முடிந்ததும் அவள் வெளியே போகவில்லை. மாமியாரோடு அங்கேயே தங்கி, அவளுடைய மீதியையும் தானே உடைத்துத் தீர்ப்பதாகச் சொன்னாள். யாராவது தண்டனையைக் கேட்டு வாங்கினால் மறுக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் அதிகாரிகள் சம்மதித்தார்கள். கூழில் உப்பே இல்லை என்று அஞ்சுகம் ஒருநாள் சொன்னபோது, செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிக்குள்ளேயே சிரித்தாள்.

இதற்கிடையே தலைநகரில் வேறு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. அஞ்சுகத்தின் குற்றம் புதியது என்பதால், அதற்கென்று ஒரு புதிய ஆணை தேவைப்பட்டது. 'வண்டி ஓட்டுகையில் சாலையைப் பார்ப்பது குற்றம்' என்று தெருத்தெருவாக முரசறைந்தார்கள். சந்தையில், பள்ளியில், கோயில் வாசலில் எங்கும் அதே அறிவிப்பு. எந்த முகம் முழுநகை, எது இளநகை என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக் களைத்துப்போயிருந்த மக்களுக்கு, சாலையைப் பார்க்கலாம் என்பதே மறந்துபோயிருந்தது. முரசு அதை நினைவுபடுத்தியது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல், கடைக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மோதல்கள் குறைந்தன. மன்னரின் புன்னகையே காரணம் என்று புன்னகைத் துறை அமைச்சர் அவையில் அறிவித்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இவ்வளவு பலன் தரும் புன்னகையை இன்னும் பெரிதாக்கினால் இன்னும் பலன் கிடைக்குமே என்றார் அவர். மன்னர் சிரித்தார். அது சம்மதமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பலகைகள் போயின. ஒவ்வொரு சந்தியிலும் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மாடி உயரத்துக்கு மன்னரின் முகம் தீட்டிய துணி தொங்கவிடப்பட்டது. கீழ் ஓரம் தரையைத் தொட்டது. வண்டிகள் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். எதிரே என்ன வருகிறது, யார் நடக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. மோதல்கள் மறுபடி பெருகின. முன்பைவிடப் பெருகின. மணிக்கூண்டுச் சந்தியில் மட்டும் ஒரே வாரத்தில் பல எதிர்பாராச் சந்திப்புகள் நிகழ்ந்தன. சிலவற்றில் சந்தித்தவர்கள் அதன் பிறகு யாரையும் சந்திக்கவில்லை.

அப்போது மக்கள் ஒன்று செய்தார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. துணிக்கு முன் வண்டியை நிறுத்துவார்கள். ஒருவர் இறங்கி, குனிந்து, துணியின் கீழ் ஓரத்தைச் சற்றே தூக்கி அந்தப் பக்கம் பார்ப்பார். பாதை இருந்தால் போவார்கள். மாவு விற்பவர்கள் தூக்கினார்கள். ஆசிரியர்கள் தூக்கினார்கள். வாழ்த்துத் துறைக்கு வேலைக்குப் போகும் நல்லதம்பியும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தூக்கினான். பார்த்துக் கைதுசெய்ய வேண்டியவர் மாசிலாமணி. அவருக்கு அந்த நேரத்தில் மணிக்கூண்டின் மேல் எப்போதும் ஏதாவது ஒரு காகம் கண்ணில் படும்.

தூக்கித் தூக்கிக் கைபட்டதில் துணி நைந்தது. முதலில் மன்னரின் மோவாய் கிழிந்தது. பிறகு கீழுதடு போயிற்று. ஒரு காற்று மழைக்குப் பின் மேலுதடும் போய், வாய் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. புதிய துணி போடவேண்டுமானால் பழையது கிழிந்துவிட்டது என்று யாராவது எழுதிக் கொடுக்கவேண்டும். மன்னரின் முகம் கிழிந்துவிட்டது என்று எழுதக்கூடிய அதிகாரி அந்நாட்டில் ஒருவரும் இல்லை. எனவே துணி அப்படியே தொங்கியது. எல்லாச் சந்திகளிலும் அப்படித்தான் என்று சொன்னார்கள். தேர்தல் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தண்டனை முடிந்து திரும்பிய சில நாட்களில், செவ்வந்தியும் அஞ்சுகமும் மாவுத் தூக்குகளோடு மணிக்கூண்டுச் சந்திக்கு வந்தார்கள். மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டதால் இப்போது மொபெட்டை ஓட்டியது செவ்வந்தி. பின்னால் அஞ்சுகம் தூக்குகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் மாசிலாமணியின் கை நெற்றிக்குப் போயிற்று. பாதியில் காதைச் சொறிவதுபோல இறங்கியது.

துணிக்கு முன்னால் செவ்வந்தி பிரேக்கைப் பிடித்தாள். மன்னரின் கண்கள் மேலே இருந்தன, மூக்கு இருந்தது. அதற்குக் கீழே, கிழிந்த ஓட்டை வழியாகச் சாலை நன்றாகத் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர் மெதுவாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்.

"நில்லு" என்றாள் அஞ்சுகம்.

"நின்னுட்டுத்தானே இருக்கேன் அத்தை."

அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கார் வந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. செவ்வந்தியின் முதுகு விறைத்தது. அஞ்சுகம் தூக்குகளை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இருவரும் மோதலுக்காகக் காத்திருந்தார்கள்.

கார் மோதவில்லை. செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். காரின் முகப்பில் புன்னகைத் துறையின் கொடி இருந்தது. கார், மொபெட்டுக்கு ஒரு முழம் பின்னால் நின்றிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தவில்லை. பின்னிருக்கையில் இருந்த அமைச்சரும் வாய் திறக்கவில்லை. இருவரும் கழுத்தை நீட்டி, மன்னரின் வாய் இருந்த இடத்தின் வழியாகக் கிழவர் சாலையைக் கடந்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.